பத்து எண்ணும் வரை

"முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள் கோமதி" என்று ஆஸ்பத்திரியில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டில், ஒரு நரம்பு டாக்டரிடம் இருபத்தாறு வருஷம் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். யாருக்கு வலிக்கிறது, யாருக்குப் பசிக்கிறது, யார் ஒன்றுக்கு வருகிறது என்று சொல்லக் கூச்சப்படுகிறார், யார் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார், எல்லாம் முகத்தைப் பார்த்தே சொல்வேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனாலும் உண்மையும் அதுதான்.

போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்க அங்கே போனேன். பழைய டாக்டர் இல்லை, அவர் மகன் இருக்கிறார். இப்போது ஆள் பார்க்கும் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு போன் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஆறு முகம் வரைந்திருக்கிறது. சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகத்தில் முடிகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியின் முகத்தைப் பார்த்து, ஆறில் எது என்று தொட வேண்டும். கட்டிலுக்கு மேலே கேமராவும் வைத்தாகிவிட்டது. செல்வி என்று ஒரு பிள்ளை எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆச்சி, ஒங்களுக்கு இந்தப் படமெல்லாம் தேவைப்படாதாம்லா. மொகத்தப் பாத்த ஒடனே சொல்லிருவியளாம். எங்களுக்கும் அதச் சொல்லித் தாங்களேன்."

"சொல்லித் தர ஒண்ணும் இல்ல. நான் தப்பாச் சொன்னது ஒண்ணு இருக்கு. வேணும்னா அத எழுதித் தாரேன்."

"எழுதியா? நீங்களா?"

"மூணாங்கிளாஸ் முடிச்சிருக்கேன் ஏட்டி. ஒன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தா நானே வாசிச்சுக்கிடுவேன்."

அவள் சிரித்தாள். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வந்தேன். என் எழுத்து பெரிசு. இரண்டு கோட்டை அடைத்துக்கொண்டு ஒரு வரி போகும். மெதுவாகத்தான் வரும். வந்தவரைக்கும் எழுதுகிறேன்.

நான் பனவடலிசத்திரத்துக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து விசைத்தறிக்கு நூல் சுற்றினேன். வீட்டுக்காரர் போன பிறகு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்தேன். துடைத்துக்கொண்டே பார்ப்பேன். எப்படித் தூக்குகிறார்கள், எப்படிப் புரட்டுகிறார்கள், எந்தப் பக்கம் விழுந்தவருக்கு எந்தப் பக்கம் நின்று சோறு கொடுக்க வேண்டும், எல்லாம் பார்த்தே தெரிந்துகொண்டேன். மூன்றாவது வருஷம் ஒரு நாள் டாக்டர் என் கையிலிருந்த மாப்பை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "நாளையிலிருந்து இது வேற ஆள் செய்யட்டும், கோமதியம்மா" என்றார். எல்லாரும் ஆயாம்மா என்று கூப்பிடும் இடத்தில் அவர் ஒருவர்தான் பேர் சொல்லி அம்மா போட்டார்.

அந்த டாக்டர் அதிகம் பேச மாட்டார். அவர் அறையில் நோயாளியின் நாற்காலியை வாசலிலிருந்து எட்டப் போட்டிருப்பார். உள்ளே வருகிறவர் எட்டடி நடந்துதான் அதற்கு வந்து சேர வேண்டும். அந்த எட்டடியையும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். பிறகு ஒரு தாளும் பேனாவும் கொடுப்பார். "இன்று வீட்டில் எல்லாரும் நலம்." இதையே ஆறு தடவை எழுதச் சொல்வார். பார்க்கின்சன் நோய் தொடங்குகிற சில பேருக்கு முதல் வரியில் எழுத்து ஒழுங்காக இருக்கும். போகப் போகச் சின்னதாகும். ஆறாவது வரி எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். எழுதினவருக்கே அது தெரியாது. டாக்டர் தாளை மடித்துப் பைலுக்குள் வைத்துக்கொண்டு, "எத்தனை மாசமா நடை மெதுவாச்சு?" என்று கேட்பார்.

எங்களுக்கு இரண்டு கட்டளை வைத்திருந்தார். ஒன்று, கேள்வி கேட்டால் மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். இந்த நோய்க்காரர்களுக்குக் கேள்வி உள்ளே போய்ப் பதில் வெளியே வர நேரமாகும். நாம் மூன்று எண்ணுவதற்குள் எழுந்து போய்விடுகிறோம், பதில் வரும்போது அங்கே யாரும் இருப்பதில்லை என்பார். இன்னொன்று, பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். "அவரு மொறைக்காரு டாக்டர்" என்று நான் ஒரு தடவை சொல்லிவிட்டேன். பேனாவை மூடி வைத்தார்.

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"பாத்தேன்."

"என்ன பாத்தீங்க?"

யோசித்துவிட்டுச் சொன்னேன், "கண்ண சிமிட்டாம இருந்தாரு."

"அத மட்டும் சொல்லுங்க. மொறைக்கிறது நீங்க சேத்தது."

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு பழகிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன். கரிவலம் கண்டக்டர் வீட்டில் அந்த இரண்டு கட்டளையையும் ஒரே நாளில் மீறினேன்.

கண்டக்டர் பேர் சண்முகவேல். ராஜபாளையம் வண்டியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஓடி ரிட்டயர் ஆனவர். கரிவலம்வந்தநல்லூரில் மெயின் ரோட்டை ஒட்டி வீடு. சம்சாரம் முன்பே காலமாகிவிட்டது. மகன் முருகேசன் ஊரிலேயே ஹார்டுவேர் கடை வைத்திருந்தான். மருமகள் மகா, சிவகிரிப் பிள்ளை. அவர்களுக்கு எட்டு மாசத்தில் ஒரு பெண் குழந்தை. கண்டக்டருக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுக்கம் கொஞ்சம்தான், உடம்பு கட்டையாகிப் போவது அதிகம். மகாவால் கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் பார்க்க முடியவில்லை என்று, பகலில் மட்டும் என்னை டாக்டர் அங்கே அனுப்பினார். காலை எட்டு மணி பஸ்ஸில் போவேன், சாயந்திரம் திரும்புவேன்.

முதல் நாள் போய் அவர் முன்னால் நின்றேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பூசி மெழுகின சுவர் மாதிரி முகம். கண் என் மேலேயே நின்றது, இமைக்கவில்லை. "அண்ணாச்சி, நான்தான் ஒங்களப் பாத்துக்கிட வந்திருக்கேன். சாப்ட்டியளா?" என்றேன். பதில் இல்லை. மூன்று எண்ணியிருப்பேன், அதற்கு மேல் இல்லை. பையைக் கீழே வைக்கத் திரும்பினேன். அப்போது முதுகுக்குப் பின்னால் ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் ஒரு குரல் வந்தது.

"டிக்கெட் எடுத்தாச்சா?"

திரும்பிப் பார்த்தேன். அதே முகம். சரிதான், நினைவு தப்பிவிட்டது, இன்னும் பஸ்ஸில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். மருமகளிடமும் சொன்னேன். "ஒங்க மாமாவுக்கு நெனவு சரியில்ல தாயி. பழைய வேலையிலேயே நிக்காரு."

"எனக்கும் அப்படித்தான் தோணுச்சு ஆயாம்மா. என்னையவும் பிள்ளையவும் மொறைச்சே பாக்காவ. பிள்ளயும் பாத்தாலே அழுவுது. பயமா இருக்கு" என்றாள் மகா.

அந்த வீட்டு வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாத்திரை சரியாக ஏழரைக்கு, பத்தரைக்கு, ஒன்றரைக்கு. ஏழரை மாத்திரையை நான் வருமுன் மகா கொடுத்துவிடுவாள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்பே கொடுத்துவிட வேண்டும். மாத்திரை ஏறின பிறகு ஒரு மணி நேரம் உடம்பு இளகும். குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது எல்லாம் அந்த நேரத்துக்குள். கண் இமைக்காததால் காய்ந்து போகும், காய்ந்தால் தண்ணியாகக் கொட்டும். மூன்று வேளை சொட்டு மருந்து விட வேண்டும். கஞ்சி கொடுக்கும்போது நாமும் அவர் உயரத்துக்கு உட்கார வேண்டும், தாடையைத் தணிக்கச் சொல்ல வேண்டும், அரைக் கரண்டிதான். தொண்டை முடிச்சு மேலே ஏறிக் கீழே இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி. அவசரப்பட்டால் புரை ஏறும். இதில் எல்லாம் என்னிடம் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது.

நான் போய் இரண்டு வாரத்தில் குழந்தைக்குக் காய்ச்சலும் வாந்தியும் வந்தது. மூன்று நாள் படுத்திவிட்டது. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டார்கள், கமறவே இல்லை என்றார்கள். மகாவின் அம்மா சிவகிரியிலிருந்து வந்திருந்தார். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"கண்ணுல ஈரம் இல்லாம ஒரு மனுசன் நாள் பூராவும் பிள்ளையவே பாத்துக்கிட்டு இருந்தா பிள்ள என்னத்துக்கு ஆவும்? அந்தக் கண்ணு நல்ல கண்ணு இல்ல."

முருகேசனுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. "அத்த, அது எங்கப்பா" என்றான். பிறகு என்னைப் பார்த்தான். "நீங்க எத்தன பேரப் பாத்திருப்பிய. நீங்க சொல்லுங்க."

வீடே என் வாயைப் பார்த்தது. நான் என்ன சொன்னேன் என்பதை மாற்றாமல் எழுதுகிறேன். "கண்ணேறு அது இதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா அவருக்கு நெனவு இல்ல, மொகத்துல பாசம்னு ஒண்ணு தெரியல. பிள்ளையக் கைல கிய்ல குடுத்துராதிய. எட்டவே வையுங்க."

அன்று சாயந்திரமே கட்டிலைப் பின்னறைக்கு மாற்றினார்கள். வாசலில் பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டினார்கள். குழந்தை இந்தப் பக்கம், தாத்தா அந்தப் பக்கம். தென்காசியில் வயசானவர்களை வைத்துப் பார்க்கும் ஒரு இடத்தைப் பற்றியும் விசாரிக்கத் தொடங்கினார்கள். கட்டிலை நகர்த்தும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் அறையைவிட்டு வந்திருப்போம்.

பஸ்ஸில் ஒரு நாள், கரிவலத்துக்குப் பூ கொண்டுபோகும் ஒரு அம்மாள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எந்த வீட்டுக்குப் போகிறேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"கண்டக்டர் அண்ணாச்சி வீட்டுக்கா? அந்த மனுசன் வண்டியில ஏறுனா எறங்குத வரைக்கும் சிரிப்புதான். ஒருக்க என் கூடைய எறக்கிவிட்டுட்டு, கூடைக்கு டிக்கெட் எடுத்திய, பூவுக்கு எங்கன்னு கேட்டாவ. மொகத்துல சிரிப்பே காட்ட மாட்டாவ. சுத்தி இருக்கவன்தான் சிரிப்பான்."

கேட்டுக்கொண்டேன். மனசில் ஏறவில்லை. பழைய கதைதானே என்று விட்டுவிட்டேன்.

அதற்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ, மத்தியானக் கஞ்சி. அரைக் கரண்டி கொடுத்துவிட்டுத் தொண்டை முடிச்சைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். ஏறியது, இறங்கவில்லை. ஒரு கையை அவர் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, "முழுங்குங்க அண்ணாச்சி, முழுங்குங்க" என்கிறேன். முடிச்சு இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அதே சுவர்க் குரலில் சொன்னார்.

"உள்ள போங்க. உள்ள போங்க. பின்னால எடம் இருக்கு."

என் கைக்கு அடியில் அவர் வயிறு குலுங்கியது. ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. மூக்கிலிருந்து புஸ் புஸ்ஸென்று காற்று வந்தது. முகத்தில் ஒரு கோடு அசையவில்லை. நான் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன். கஞ்சியைப் பார்த்துச் சொல்கிறார். இந்த மனுஷர் சிரித்துக்கொண்டு இருக்கிறார்.

"அண்ணாச்சி" என்றேன். "மொத நாளு என்கிட்ட டிக்கெட் எடுத்தாச்சான்னு கேட்டியளே. அதுவும் கேலிதானா?"

இந்தத் தடவை எண்ணினேன். ஒன்று, இரண்டு என்று விரலை மடக்கி எண்ணினேன். ஏழு, எட்டு. கண் என் மேலேயே இருந்தது. ஒன்பதில் உதடு லேசாகப் பிரிந்தது.

"நீ இன்னும் எடுக்கல."

சேலையால் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒன்று கேட்டார். அது கேலி இல்லை. கை வயிற்றின் மேலேயே இருந்ததால் தெரிந்துகொண்டேன், குலுங்கவில்லை.

"பிள்ளைக்குக் காச்சல் விட்டுச்சா?"

காய்ச்சல் விட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

சாயந்திரம் வீட்டுக்குப் போகாமல் நேரே டாக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நினைவு தப்பிருச்சுன்னு எதை வெச்சு சொன்னீங்க?"

"டிக்கெட் எடுத்தாச்சான்னு கேட்டாரு டாக்டர்."

"அவர் என்ன வேலை பாத்தார்?"

"கண்டக்டர்" என்று சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவரும் அதை நோண்டவில்லை. மேஜையைப் பார்த்தபடி சொன்னார். "அவருக்கு மனசு அப்படியேதான் இருக்கு, கோமதியம்மா. முகத்துக்குச் சேதி கொண்டுபோற எடத்துலதான் அடைப்பு. நம்ம மூளை என்ன செய்யும்னா, எதிர்ல ஒரு முகத்தப் பாத்தா, நம்மளக் கேக்காமலே நம்ம முகத்துல ஒரு பதிலப் போட்டுடும். அங்கேருந்தும் ஒரு பதிலை எதிர்பாக்கும். வரலைன்னா இந்த ஆளுக்கு மனசே இல்லைன்னு எழுதிக்கும். இதெல்லாம் நாம யோசிக்கிறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சுடும். நோய் அவர் மூளையில. தீர்ப்பு எழுதுறது நம்ம மூளை."

"இத நான் எப்படி அந்த வீட்டுல சொல்ல? பிள்ளையே அவரப் பாத்து அழுவுதுன்னு சொல்லுவாவளே."

"பிள்ளை அவரப் பாத்து அழல. பதில் வராததப் பாத்து அழுது. நம்பலைன்னா அம்மாவையே செஞ்சு பாக்கச் சொல்லுங்க. ரொம்ப நேரம் வேண்டாம்." எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்.

சொன்ன வார்த்தையை ஒரு வீட்டில் திரும்ப வாங்குவது எனக்கு அதுதான் முதல் தடவை. மறுநாள் காலையில் முருகேசன் கடைக்குக் கிளம்பும் முன்னால் நிறுத்திச் சொன்னேன். "நான் சொன்னது தப்பு. ஒங்கப்பாவுக்கு நெனவு நல்லா இருக்கு. ஒங்களுக்கு இருக்கதவிட நல்லா இருக்கு." அவன் நம்பாமல் பார்த்தான். மகாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அன்னைக்கு எட்ட வையின்னிய. இன்னைக்குக் கிட்ட வையிங்கிய. ஒங்க பேச்சக் கேட்டு பிள்ளைய வச்சு வெளையாட முடியுமா ஆயாம்மா? அவ்வள சின்னப் பிள்ள, அதுக்கு என்ன சூதா வாதா? மாமாவப் பாத்தாலே ஓன்னு அழுவுது. பிள்ளைக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரிஞ்சிரும்?"

"தாயி, நீ ஒரு காரியம் செய்யி. பிள்ளைய மடியில வச்சு எப்பவும் போல கொஞ்சு. நான் சொன்ன ஒடனே மொகத்த அப்படியே நிறுத்திரு. பாத்துக்கிட்டே இரு. சிரிக்காத, பேசாத. நான் நூறு எண்ணுதேன். அவ்வளவுதான்."

"இது என்ன வெளையாட்டு?"

"செஞ்சுதான் பாரேன்" என்றான் முருகேசன்.

மகா கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குழந்தையை எதிரே வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். குழந்தை அவள் மூக்கைப் பிடித்தது. நான் "ம்" என்றேன். மகா முகத்தை நிறுத்தினாள்.

முதலில் குழந்தைக்கு ஒன்றும் தெரியவில்லை. சிரித்தது. பதில் வராததால் இன்னும் பெரிதாகச் சிரித்தது. வாயைக் குவித்து ஒரு சத்தம் கொடுத்தது, அது அவர்கள் இருவருக்கும் உள்ள சத்தம் போலிருக்கிறது. நான் பதினைந்து எண்ணியிருந்தேன். பிறகு இரண்டு கையையும் நீட்டி அம்மாவின் கன்னத்தைத் தட்டியது. இருபத்தைந்து. தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தது, சட்டென்று திரும்பி அம்மாவைப் பார்த்தது, வந்துவிட்டாளா என்று பார்க்கிற மாதிரி. வரவில்லை. மறுபடியும் திரும்பிக்கொண்டது. அந்தச் சின்ன முதுகு வளைந்தது. நாற்பது எண்ணுவதற்குள் உதடு பிதுங்கி, வீல் என்று அழுதது. தாத்தாவைப் பார்த்து அழுகிற அதே அழுகை. ஒரு சுருதி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மகா குழந்தையை வாரி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அவளும் அழுதாள். "நான்தான், அம்மாதான், ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முருகேசன் செருப்பைப் போடாமல் நின்றான். பேச வேண்டியதை எல்லாம் குழந்தை பேசிவிட்டது.

எல்லாம் அடங்கின பிறகு, திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. எப்போதோ கிளம்பின பேச்சு அப்போதுதான் வந்து சேர்ந்தது.

"பிள்ளைய... யாரு அழவச்சது?"

அதே குரல்தான். அதட்டல் மாதிரியும் இருக்கும், ஒன்றுமே இல்லாத மாதிரியும் இருக்கும். மகா என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்த் திரைச் சேலையை விலக்கினாள். "நான்தான் மாமா" என்றாள். சொல்லிவிட்டு நகரவில்லை. அவள் உதடு அசைவதைப் பார்த்தேன், எண்ணிக்கொண்டு நின்றாள்.

"அழவிடாத. மூணு நாளு வாந்தி எடுத்த பிள்ள."

அன்றைக்குக் கட்டில் முன்னறைக்குத் திரும்பி வந்தது. தென்காசிப் பேச்சு நின்றது. அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். குழந்தையை அவர் முகத்துக்கு எதிரே வைத்தால் அது அழத்தான் செய்தது. மகாவும் ஒரு நாள் என்னிடம் தனியாகச் சொன்னாள், "எல்லாம் தெரியுது ஆயாம்மா. தெரிஞ்சும், மாமா பாக்கும்போது உள்ளுக்குள்ள சுருக்குங்குது. நான் கெட்டவளா?" இல்லை என்றேன். எனக்கும் அப்படித்தான். காலையில் போய் அவர் முன்னால் நிற்கும்போதெல்லாம் என் கண் முதலில் "முறைக்கிறார்" என்றுதான் சொல்லும். பிறகு நான் அதை அடக்கி, இல்லை, இமைக்கவில்லை, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்வேன். தினமும் சொல்ல வேண்டும். ஒரு தடவை கற்றுக்கொண்டால் போதும் என்கிற பாடம் இல்லை அது. இந்த வேலையில் முதுகு வலித்ததைவிட அதில்தான் எனக்கு அலுப்பு அதிகம். மனுஷன் தன் கண்ணோடேயே சண்டை போட்டுக்கொண்டு எத்தனை நாள் இருக்க முடியும்.

டாக்டர் ஒரு வழி சொன்னார். முகத்துக்கு முகம் வேண்டாம், பக்கத்தில் உட்கார வையுங்கள், இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்க்கட்டும் என்றார். கட்டிலை ரோட்டு ஜன்னலுக்கு நேராகத் திருப்பினோம். பத்தரை மாத்திரை ஏறின பிறகு பதினொரு மணிக்குக் குழந்தையை அவருக்குப் பக்கத்தில், வெளியே பார்க்கிற மாதிரி வைப்போம். நான் பிடித்துக்கொள்வேன். பஸ்ஸில் ஒரே சீட்டில் இருக்கிற இரண்டு பேர் மாதிரி இருப்பார்கள். எதிரே ஸ்டாப்பிங். வண்டி வந்து நின்று, ஆள் ஏறி, கிளம்பும். கிளம்புகிற நேரத்தில் கண்டக்டர் விரலால் கட்டில் இரும்பில் இரண்டு தட்டுத் தட்டுவார். விசில் கையில் இல்லாத நாளில் வண்டித் தகரத்தில் தட்டுவது அப்படித்தானாம். இரண்டு தட்டினால் போகலாம் என்று அர்த்தம். அந்த விரல் மட்டும் அவருக்குச் சுணங்கவே இல்லை.

ஒரு வாரம் குழந்தை அந்த விரலையே பார்த்தது. பிறகு தன் கையை விரித்துக் கட்டிலில் அறைந்தது. அவர் இரண்டு தட்டினார். அது அறைந்தது. அவர் தட்டினார். குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது. முகத்தில் இருந்து வராத பதில் விரலில் வந்துவிட்டது. நான் இன்னொரு கையை அவர் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தேன். குலுங்கிக்கொண்டிருந்தது.

"மகா, இங்கன வா. ஒங்க மாமா சிரிக்காவ பாரு" என்று கூப்பிட்டேன். அவள் வந்து கையை வைத்துப் பார்த்தாள். மாமனார் மேல் கை வைக்கலாமா என்று அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தார். கடைசியில் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார். துட்டிக்குப் போனேன். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பஸ்ஸில் ஓடினவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். சிவகிரி சம்பந்தியம்மாளும் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கண்ணாடிக்குக் கீழே அவர் முகம். உயிரோடு இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. வந்தவர்களில் ஒருவர், "மொகத்துல ஒரு மாத்தமும் இல்ல, தூங்குத மாதிரி இருக்காவ" என்றார். எனக்கு அதைக் கேட்க என்னவோ போலிருந்தது.

குழந்தை அப்போது நடக்கும். மகாவின் கையை விட்டுவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு விரலால் கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டியது. தட்டிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றது. மகா அதை இழுக்கப் போன கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் எண்ணினோம் என்று நினைக்கிறேன். பத்து தாண்டியும் அந்தப் பிள்ளை நின்றுகொண்டுதான் இருந்தது. முருகேசன் வந்து தூக்கிக்கொண்டான்.

செல்விக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். உங்கள் போனில் உள்ள ஆறு முகத்தில் கண்டக்டர் முகம் இல்லை. அவர் முன்னால் நின்று நீங்கள் எதைத் தொட்டாலும் தப்பாகத்தான் இருக்கும். நான் போன் இல்லாமலேயே தொட்டேன், அதுவும் தப்பு.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை நேற்று முதலிலிருந்து வாசித்துப் பார்த்தேன். தொடங்கும்போது என் எழுத்து இரண்டு கோட்டை அடைத்துக்கொண்டு இருந்தது. கண்டக்டர் வீட்டுக்கு வரும்போது ஒரு கோட்டுக்குள் வந்திருக்கிறது. இந்தப் பக்கத்தில் அதுவும் இல்லை, நீங்கள் கிட்டே வைத்துத்தான் வாசிக்க வேண்டியிருக்கும். எழுதும்போது எனக்குத் தெரியவில்லை. வயசாக இருக்கலாம். கை அலுத்துப் போயிருக்கலாம். ஒரு தாளில் "இன்று வீட்டில் எல்லாரும் நலம்" என்று ஆறு தடவை எழுதியும் பார்த்தேன். அந்தத் தாளை மடித்து நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் மாத்திரை வாங்க வரும்போது சின்ன டாக்டரிடம் காட்ட வேண்டும். வாசலிலிருந்து அந்த எட்டடி நடக்க வேண்டும்.

பிறகு ஒரு நாள் நான் உங்கள் கட்டிலில் வந்து படுத்தேன் என்றால், என் முகத்தைப் பார்த்து எந்தப் படத்தையும் தொடாதே செல்வி. போனைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் எதையாவது கேளு. பத்து எண்ணு. நான் பதில் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.